கொல்லைக்குப் போனவர் எப்போது வருவார்?

கேட்டவர் சென்னையில் வளர்ந்தவர், தாத்தா திருநெல்வேலிப் பக்கம். தாத்தா பேச்சில் வருகிற தொளி, பிசானம், மறுகால், படப்பு, குலுக்கை என்று ஐந்து சொற்களைக் குறித்து வைத்துக்கொண்டு, இதற்கெல்லாம் சரியான தமிழ்ச் சொல் என்ன, வட்டாரச் சொல் எல்லாவற்றுக்கும் பொதுத்தமிழ் அட்டவணை ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்தும் சரியான தமிழ்தான், வேறு எதையும் தேடிப் போக வேண்டாம். அட்டவணை போடலாம், போட்டும் இருக்கிறார்கள், ஆனால் வெள்ளாமைச் சொற்களில் அட்டவணை பாதி வழியில் காலை வாரிவிடும். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர் என்பது பாதிக் கதை. ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு வேறு பொருளைக் குறிப்பது மீதிக் கதை, ஆளைத் திணறடிப்பது அதுதான்.

நான் ஈரோட்டுப் பக்கத்துக்காரன். விதை விற்கிற வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஜில்லா ஜில்லாவாகச் சுற்றியவன். ஆரம்பத்தில் ஒருமுறை பண்ருட்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில் ஒருவரைப் பார்க்கப் போனேன். வீட்டில் இருந்த அம்மா, "அவுரு கொல்லைக்குப் போயிருக்காரு தம்பி, குந்து" என்றார். சரி, கொல்லைக்குத்தானே, அஞ்சு நிமிஷத்தில் கை கால் கழுவிக்கொண்டு வந்துவிடுவார் என்று திண்ணையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஆளைக் காணோம். எனக்கு அவருடைய வயிற்றைப் பற்றியே கவலை வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டால், "முந்திரிக்கொல்லையில வேலையா இருக்காரு, பொழுது சாயத்தான் வருவாரு" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடலூர், விழுப்புரம் பக்கம் கொல்லை என்றால் மானாவாரி, அதாவது மழையை நம்பிய நிலம். தஞ்சாவூர்ப் பக்கம் அதே கொல்லை வீட்டுக்குப் பின்னால் வாழையும் முருங்கையும் நிற்கிற இடம். மற்றபடி 'கொல்லைக்குப் போவது' என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

சிரிக்க எங்களுக்கும் உரிமை இல்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற வெளியூர்க்காரரிடம் "அப்பா காட்டுக்குப் போயிருக்காருங்க" என்போம், அவர்கள் ஈரோட்டில் ஏது காடு என்று விழிப்பார்கள். கொங்கு நாட்டில் மழையை நம்பி விதைக்கிற நிலம் காடு, கிணற்றுத் தண்ணீர் பாய்கிற நிலம் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் பெயர். ஒருவர் தோட்டத்துக்குப் போகிறேன் என்கிறாரா காட்டுக்குப் போகிறேன் என்கிறாரா என்பதை வைத்தே அவருக்குக் கிணறு உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் நெல் வயலைக் கழனி என்பார்கள். தெற்கத்தி ஆட்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன், மாட்டுக்கு ஊற்றுகிற கழனித்தண்ணி அவர்களுக்கு ஞாபகம் வருகிறது போல. அது கழுநீர் மருவியது, இந்தக் கழனி சங்கப் பாட்டிலேயே இருக்கிற வயல். கன்னியாகுமரியில் தென்னையும் மரச்சீனியும் நிற்கிற மேட்டு நிலம் விளை, அதனால்தான் அங்கே பாதி ஊர்ப் பெயர் விளை என்று முடிகிறது. மட்டக்களப்பில் வயல்வெளிக்கு வட்டை.

இந்தக் குழப்பம் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. தொல்காப்பியத்தில் திசைச்சொல், அதாவது வட்டாரச் சொல் பற்றி வருகிற இடத்தில் உரைகாரர்கள் உதாரணம் கொடுக்கிறார்கள் பாருங்கள்: ஒரு நாட்டார் பசுவைப் பெற்றம் என்பார்கள், ஒரு நாட்டார் வயலைச் செறு என்பார்கள், இன்னொரு நாட்டார் சிறுகுளத்தைப் பாழி என்பார்கள். தாய், தந்தை முறைச்சொற்களை விட்டால் அவர்கள் கைக்கு முதலில் வந்தது மாடும் வயலும் குளமும்தான்.

இனி உங்கள் தாத்தாவின் சொற்களுக்கு வருகிறேன். மறுகால் என்றால் குளம் நிரம்பி உபரித் தண்ணீர் வெளியேறுவது, அது வெளியேறுகிற வழிக்கும் அதே பெயர். "குளம் மறுகால் பாயுது" என்று ஒருவர் சொன்னால் அந்த வருஷம் பிழைத்தோம் என்று அர்த்தம், ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தமிழி எழுத்துக் கல்வெட்டு இருக்கிற மறுகால்தலை என்ற ஊர், பெயரிலேயே இதைச் சுமந்துகொண்டிருக்கிறது. இதையே வட ஜில்லாக்களில் "ஏரி கோடி போவுது" என்பார்கள். தண்ணீரைத் தடுத்து அளவாக வழியவிடக் கல்லால் கட்டியிருக்கும் அமைப்பு கலிங்கு. நீர்நிலையின் பெயரும் இதே கதைதான்: வடக்கே ஏரி, மதுரை சிவகங்கை ராமநாதபுரம் விருதுநகரில் கண்மாய், நெல்லையில் குளம். சிவகங்கைப் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு என்று தனியாக ஊருணி வைத்திருப்பார்கள், அதில் மாட்டை இறக்கினால் சண்டை வரும். எங்கள் ஊரில் குட்டைதான். ஓடுகிற ஓடைக்கு எங்களூரில் பள்ளம் என்று பெயர், அதையும் வெளியூர்க்காரர்கள் வெறும் குழி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிசானம் பருவத்தின் பெயர். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு. ஆனியை ஒட்டித் தொடங்குவது கார், புரட்டாசி ஐப்பசியில் தொடங்கி மாசி பங்குனியில் அறுப்பது பிசானம். பலர் இதைச் சம்பா என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அது தப்பு. சம்பா காவிரிக்காரர்களுடையது, நாள்கணக்கே வேறு. அவர்களுக்கு ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் குறுவை, குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது அதிலேயே நட்டால் தாளடி. கன்னியாகுமரிக்குப் போனால் கன்னிப்பூ, கும்பப்பூ. பூ என்றால் அங்கே போகம், ஒரு தடவை விளைச்சல். கன்னி, கும்பம் இரண்டும் மலையாள மாதப் பெயர், அந்த மாதங்களை ஒட்டி அறுவடை. 1956 நவம்பர் வரைக்கும் அந்தப் பகுதி முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததை ராஜாங்கக் காகிதம் மறந்தாலும் வயல் மறக்கவில்லை. யாழ்ப்பாணம், வன்னியில் காலபோகம், சிறுபோகம். செங்கல்பட்டுப் பக்கம் சொர்ணவாரி, நவரை. ஆற்றுத் தண்ணீர் வரும் நாளும் மழை விழும் மாதமும் வேறாக இருக்கும்போது பெயர் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

தொளி என்பது நடவுக்குத் தயாரான வயல் சேறு. தண்ணீரைக் கட்டி நிறுத்தி இரண்டு மூன்று தடவை உழுது, தழை போட்டு மிதித்து, அதன்மேல் பலகையைப் போட்டு மாட்டைக்கொண்டு இழுத்துச் சமப்படுத்தினால் கிடைக்கிற, காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற அந்தச் சேறு. தஞ்சாவூரில் சேறடிப்பது, தெற்கே தொளி அடிப்பது. சமப்படுத்துவதற்கு ஒரு பக்கம் பரம்படித்தல், இன்னொரு பக்கம் மரமடித்தல். கலப்பையின் உறுப்புகள் அவ்வளவாக மாறுவதில்லை: ஏர்க்கால், கொழு, கைப்பிடிக்கு மேழி, மாட்டின் கழுத்தில் நுகத்தடி. மேழிச்செல்வம் கோழைபடாது என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த முக்கால்வாசிப் பேர் மேழியைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள்.

அளவைகளில்தான் நான் நிறைய அடி வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் டெல்டாவில் ஒருவர் "ஆறு மா நடப்போறேன்" என்றார். நான் மா என்றால் ஏறக்குறைய ஏக்கர்தான் என்று நினைத்துக்கொண்டு ஆறு ஏக்கருக்கான விதை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு வேலி என்பது கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அவருக்கு இருந்தது இரண்டு ஏக்கர், வாசலில் என்னோடு நிற்பது ஆறு ஏக்கர் விதை. "தம்பி, பாக்கிய நீங்களே வெதச்சிக்குங்க" என்றார் மனுஷன். வடக்கே காணி என்பார்கள், அது 1.32 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். நெல்லையில் இன்னும் அழகு, எவ்வளவு விதை விதைக்கலாம் என்பதுதான் நிலத்தின் அளவு: ஒரு மரக்கால் விதைப்பாடு, ஒரு கோட்டை விதைப்பாடு. அங்கே 21 மரக்கால் ஒரு கோட்டை, தஞ்சாவூரில் 12 மரக்கால் ஒரு கலம். அந்த மரக்காலும் ஊருக்கு ஊர் ஒரே அளவு கிடையாது. கோட்டை என்றால் வைக்கோல் பிரியைச் சுற்றிக் கட்டி வைக்கிற விதைநெல் கட்டும்தான். எடை, அளவைச் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது, பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும்தான், ஆனாலும் வயதானவர் வாயில் மாவும் மரக்காலும் இன்னும் போகவில்லை.

எங்கள் ஊர்ச் சொல் ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். மாட்டைக் கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதைத் தெற்கே கமலை என்பார்கள், நாங்கள் கவலை என்போம். "அவன் கவலை ஓட்டீட்டு இருக்கான்" என்றால் அவன் மனக்கஷ்டத்தில் இல்லை, தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறான். தண்ணீர் அள்ளும் பெரிய பாத்திரம் சில ஊரில் சால், சில ஊரில் கூனை, தோலில் செய்ததை எங்கள் பக்கம் பறி என்பார்கள். சால் என்றால் உழும்போது விழுகிற கோடும்தான், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அள்ளும் சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தைத்திருக்கும், பெயரே தும்பி. இரண்டு கயிறு. பெரியது வடம், மேலே உருளையில் ஓடிச் சாலைத் தூக்கும். சின்னது தும்பிக்கயிறு, கீழே இன்னொரு உருளையில் ஓடி, தும்பியின் வாயை மடக்கி மேலே பிடித்துக்கொள்ளும், அதனால் வருகிற வழியில் தண்ணீர் சிந்தாது. மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். இழுப்புக்குப் பாரம் சேர ஓட்டுகிறவர் தாவி வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். சால் விளிம்பைத் தாண்டி ஏறும்போது தும்பி தொட்டிக்குள் நீண்டு விழும், மடமடவென்று தண்ணீர் கொட்டும். பிறகு அதே மாடுகள் திரும்பாமல் பின்னோக்கி நடந்தே சரிவில் ஏறி வர வேண்டும். மாட்டை முன்னால் நடக்கவைப்பது யாராலும் முடியும், பின்னால் நடக்கப் பழக்குவதுதான் பாடு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இதே நடைதான் என்று எங்கள் பாட்டனார் சொல்வார். கரண்டு மோட்டார் வந்ததும் இவ்வளவும் போயிற்று. வடம் மட்டும் தேரில் பிழைத்துக்கொண்டது.

படப்பு என்பது வைக்கோலை அடுக்கி வைத்திருப்பது. தென் ஜில்லாக்களில் வைக்கோல் படப்பு, மற்ற இடங்களில் பெரும்பாலும் வைக்கோல் போர். இந்தப் போர் இப்போது பெரிய தலைவலி. "போர் போட்டாச்சா?" என்று எங்கள் ஊரில் கேட்டால் ஆழ்துளைக் கிணறு தோண்டியாயிற்றா என்று அர்த்தம், தஞ்சாவூர்க் கிழவரிடம் கேட்டால் வைக்கோலைக் காட்டுவார். யானை கட்டிப் போரடித்தார்கள் என்ற பழைய பெருமையைப் படிக்கிற பிள்ளைகள் யுத்தம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள், எனக்குத் தெரிந்து ஒரு வாத்தியார்கூட அப்படித்தான் நினைத்திருந்தார்.

அது களத்து வேலை. அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து முதலில் ஆட்கள் கையால் அடிப்பார்கள். அதில் உதிராமல் தாளில் தங்கின நெல்லுக்காக வைக்கோலைப் பரப்பி, மாடுகளை ஒன்றோடொன்று பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்கவிடுவது போரடி. கன்னியாகுமரிப் பக்கம் நாஞ்சில் நாட்டில் இது சூடடிப்பு. இலங்கையில் அடுக்கி வைத்த கதிர்க்குவியலே சூடு, அதை அடிப்பது சூடடித்தல், அங்கே "சூடு வச்சாச்சு" என்றால் பயப்பட வேண்டாம். பிறகு காற்று வருகிற திசை பார்த்துத் தூற்றுவார்கள். எங்களுக்கு முறம், தெற்கேயும் யாழ்ப்பாணத்திலும் சுளகு. தூற்றும்போது நல்ல நெல் காலடியில் விழும், பாதி பால் பிடித்த கருக்காய் கொஞ்சம் தள்ளி, பதர் இன்னும் தள்ளி. வயலில் நிற்கும்போதே மணி பிடிக்காமல் வெளுத்துப்போனால் அது சாவி. "எல்லாம் சாவியாப் போச்சு" என்று ஒருவர் சொல்லும்போது பூட்டுச் சாவியை நினைத்துவிடாதீர்கள், அவருடைய வருஷமே போயிருக்கிறது.

சுத்தமான நெற்குவியல் பொலி. அதை அளக்கிறவர் முதல் மரக்காலைப் போடும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார், ராகம் போட்டு இழுத்து, அப்புறம்தான் இரண்டு. அந்தக் களத்திலேயே தச்சர், கொல்லர், சலவைக்காரர், நாவிதர், காவல்காரர் எல்லோருக்கும் அவரவர் பங்கு நெல் அளந்து போக வேண்டும். அந்தப் பங்கின் பெயர் சுதந்திரம். கேட்டு வாங்குவதில்லை, வந்து நின்றால் அளந்தாக வேண்டும். தேசம் விடுதலை அடைந்ததற்கு நாம் சொல்கிற அதே சொல், களத்தில் இப்படிக் கிடந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அந்த நெல்லை அளந்துபோட்டவர்களும் வாங்கினவர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்ததில்லை என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பழைய சொல் பேசும்போது எல்லாம் தேனாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

குலுக்கை, தானியம் கொட்டி வைக்க வீட்டுக்குள் மண்ணால் செய்தது, மேலே கொட்டி அடியில் இருக்கிற துளை வழியாக எடுப்பார்கள். மற்ற பக்கங்களில் குதிர். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற பழமொழியைக் குதிரையோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. மரப்பலகையில் செய்தால் பத்தாயம், மூங்கில் பின்னிச் சாணி மெழுகினால் தொம்பை. செய்த பொருள் மாறினால் பெயரும் மாறும், இவற்றுக்கு எல்லாம் சேர்த்துத் 'தானியக் களஞ்சியம்' என்று ஒரே சொல்லைப் போட்டால் எதையுமே சொல்லாத மாதிரி.

கருவிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மண்வெட்டி தெற்கே மம்பட்டி, எங்களுக்கு மம்முட்டி. பல் வைத்த கதிர் அரிவாள் எங்களுக்குக் கருக்கருவா, மதுரை நெல்லைக்குப் பன்னருவா. உயரத்தில் இருப்பதைப் பறிக்கிற நீளக் கம்பு தொரட்டி, டெல்டாவில் அலக்கு, யாழ்ப்பாணத்தில் கொக்கத்தடி. கடப்பாரைக்கு யாழ்ப்பாணத்தில் அலவாங்கு, அது போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல், அதையும் யாரும் அந்நியச் சொல் என்று தூக்கி எறியவில்லை. மாடு கட்டும் இடம் எங்களுக்குக் கட்டுத்தரை, டெல்டாவுக்குக் கொட்டில், தெற்கே தொழு. ஜல்லிக்கட்டில் காளையை அடைக்கிற இடத்தையும் தொழு என்பார்கள், கலித்தொகையிலும் ஏறுகளை அதற்குள்தான் விடுகிறார்கள். மாட்டுச் சந்தைப் பேச்சு தனி உலகம். இன்னும் ஈனாதது கிடாரி, முதல் கன்று போட்டால் தலையீத்து, அடுத்தது ரெண்டாம் ஈத்து, வயதுக்கு ரெண்டு பல், நாலு பல், கீழ்த்தாடையில் எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது. விலை மட்டும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள், அதற்குச் சொல்லே கிடையாது.

டிராக்டர் வந்து சொல்லெல்லாம் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு முழுக்க ஒத்துப்போகாது. வேலை போனால் சொல் போகும், அது சரி. ஆனால் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற இரும்புக் கொழுக்கள் ஐந்து இருந்தால் அஞ்சு கலப்பை, ஒன்பது இருந்தால் ஒம்போது கலப்பை என்று ஓட்டுகிற பையன்கள் தாங்களாகவே பெயர் வைத்துவிட்டார்கள். எந்தக் கமிட்டியும் உட்காரவில்லை.

புத்தகம் வேண்டுமென்றால் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தொகுத்த அகராதி, பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி, கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி மூன்றும் இருக்கின்றன. மூவருமே அந்தந்த மண்ணில் பிறந்து எழுத வந்தவர்கள், அது அகராதியில் தெரியும். ஆனால் உங்களிடம் தாத்தா இருக்கிறார், அவரை முதலில் பாருங்கள். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு "இதற்கு உங்க ஊரில் என்ன சொல்வீங்க" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் பேத்தி பேரன் படித்தவர்கள் என்று நினைத்துப் புத்தகச் சொல்லைத்தான் சொல்வார், நான் பல பேரிடம் இப்படி ஏமாந்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது இடிந்த கிணறு ஏதாவது இருந்தால் அங்கே கூட்டிப்போய், தாத்தா, கமலை ஓட்டும்போது எந்தக் கயிற்றில் உட்காருவீர்கள், கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். போனில் பதிவை மறக்காமல் போட்டுவிட்டுக் கேளுங்கள், முடிய நேரம் ஆகும்.